மாலை கழற்றிய மறுநாள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாசகர் வட்டத்தார் வீட்டுக்கு வந்து, "டீச்சர், இந்த மாதம் இலக்கியம் பேசுங்கள்" என்றார்கள். அடுத்த மாதம் பேசுகிறேன், இந்த மாதம் மட்டும் வேறொன்று பேச விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். குடியை விட நினைக்கிறவர் எங்கே போக வேண்டும்? யாரைப் பார்க்க வேண்டும்? போனால் அங்கே என்ன நடக்கும்? இதுதான் இன்றைக்கு நான் பேச வந்தது. குடி கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. அது நம் எல்லோருக்கும் தெரியும். குடிக்கிறவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. நம் ஊரில் மதுக்கடை எங்கே இருக்கிறது? நேற்று வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர்கூடச் சொல்லிவிடுவார். மதியம் 12 மணிக்குத் திறக்கும், இரவு 10 மணிக்கு மூடும் என்பது என் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கே தெரியும். சரி, இரண்டாவது கேள்வி. குடியை விட்டவர்களும் விடத் துடிக்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற அறை எங்கே இருக்கிறது? எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.

மூன்று கைகள். இந்த அரங்கில் இருநூறு பேராவது இருப்பீர்கள். மூன்றே கைகள்! அந்த மூன்று இருநூறாக வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "பேரை மட்டும் சொல்லாதம்மா, மத்ததெல்லாம் சொல்லு. யாருக்காவது உதவும்" என்றார்.

அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். கை வைத்தால் எந்த என்ஜினும் பேசும். கார்த்திகை முதல் தேதி வந்தால் மாலை போட்டுக்கொள்வார். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், கறுப்பு வேட்டி, தரையில் படுக்கை, மாலையில் பஜனை. ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொடமாட்டார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அண்ணி புதுப் புடவை கட்டுவார். பிள்ளைகள் அப்பா மடியில் ஏறி உட்காரும். மலைக்குப் போய்த் திரும்பி வருவார். தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றுவார்கள். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே தெரிந்துவிடும்.

இப்படி ஒரு வருடமல்ல, ஒன்பது வருடம்.

இங்கே எத்தனை வீடுகளில் இதே கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தலையாட்டுகிறீர்கள், பார்க்கிறேன். நாம் என்ன சொல்வோம்? "சாமிக்குப் பயந்து விடுகிறவன், பெண்டாட்டி பிள்ளைக்காக விடக்கூடாதா?" நானும் அப்படித்தான் கேட்டேன், முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

பல வருடம் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மாலை போட்ட நாட்களில் அண்ணன் தனியாக இருந்ததே இல்லை. குருசாமி இருந்தார். தினமும் சாயங்காலம் கூட ஓர் இடம் இருந்தது. அங்கே பணிமனை மேனேஜரும் சாமி, லாரி கிளீனரும் சாமி, என் அண்ணனும் சாமி. யாரும் யாரையும் "குடிகாரன்" என்று கூப்பிடவில்லை. மாலையைக் கழற்றிய மறுநாள் என்ன ஆனது? குருசாமி அவர் வீட்டுக்குப் போய்விட்டார். பஜனை மடத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு என் அண்ணன் போக ஓர் இடமில்லை. திறந்திருந்தது ஒரே ஓர் இடம்தான்!

பக்தி போய்விட்டது என்று நாம் பழித்தோம். போனது பக்தியல்ல, துணை.

இந்த உண்மையை அமெரிக்காவில் ஒருவர் 1935-ஆம் ஆண்டு ஒரு ஹோட்டல் கூடத்தில் நின்றபடி கண்டுபிடித்தார். ஒஹாயோ மாகாணத்தில் ஆக்ரன் என்று ஓர் ஊர், டயர் தொழிலுக்குப் பேர்போன ஊர். நியூயார்க்கிலிருந்து பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் ஒரு வியாபார விஷயமாக அங்கே வந்திருந்தார். குடியால் எல்லாவற்றையும் இழந்து, ஐந்து மாதமாகத்தான் குடிக்காமல் இருந்தார். வந்த காரியம் கைகூடவில்லை. மே 11, சனிக்கிழமை. கையில் காசு இல்லை, ஊரில் ஆள் இல்லை. ஹோட்டல் கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி, அருகில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல்.

அவர் எந்தப் பக்கம் போனார்? தொலைபேசிப் பக்கம் போனார். போய் என்ன கேட்டார்? "என்னைக் காப்பாற்றுங்கள்" என்றா? இல்லை. "குடியால் அவதிப்படுகிற ஒருவரை எனக்குக் காட்டுங்கள், நான் அவரிடம் பேச வேண்டும்" என்று கேட்டார். ஒரு பாதிரியார் சில பெயர்களைச் சொன்னார், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டே போனதில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற அம்மையார் கிடைத்தார். அவர் ஒரு டாக்டரைச் சொன்னார். டாக்டர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர், ஊரறிந்த குடிநோயாளி. மறுநாள் அன்னையர் தினம். மனைவி வற்புறுத்தியதால் வந்த டாக்டர், பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய பேச்சு இரவு பதினொன்றைத் தாண்டியது.

ஏன் அவ்வளவு நேரம்? அதுவரை அந்த டாக்டருக்குப் புத்தி சொல்லாதவர்களே இல்லை. ஆனால் தன்னைப் போலவே குடித்து, தன்னைப் போலவே பொய் சொல்லி, தன்னைப் போலவே விடிகாலையில் கை நடுங்கிய ஒருவர் எதிரில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இடையில் ஒருமுறை சறுக்கி, அதே ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், சுருக்கமாக ஏ.ஏ., அந்த நாளைத்தான் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. உதவி கேட்டுப் போன் செய்ய வெட்கப்படுகிற ஒவ்வொருவரும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கப் பரவியிருக்கிற அந்த இயக்கமே ஒரு போன் காலில் பிறந்ததுதான்!

நம் ஊரிலும் இந்த வழியைத் திறந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன். கணவரை இளம் வயதிலேயே குடிக்குப் பறிகொடுத்தவர். அமெரிக்காவுக்குப் போய் இதற்கான சிகிச்சையைக் கற்றுவந்து, 1980-ல் கணவர் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று எல்லோரும் அறிந்த இடம் அப்படி வந்தது. திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் கிராமத்துக்கே போய் முகாம் நடத்தி வைத்தியம் செய்தார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருதை விடுங்கள். புருஷன் குடித்துச் செத்தான் என்பதை மூடி மறைக்கிற சமுதாயத்தில், அவர் பெயரையே பலகையில் எழுதி மாட்டி, "வாருங்கள், இங்கே வைத்தியம் உண்டு" என்று சொன்ன அந்தத் துணிச்சலைத்தான் நான் கும்பிடுகிறேன்.

2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை எடுத்த கணக்கு ஒன்று வெளிவந்தது. அதன்படி அப்போது நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்தினார்கள். அதில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையையாவது பெற்றிருந்தார். முப்பத்தெட்டில் ஒருவர்! மற்ற முப்பத்தேழு பேர் எங்கே? வீட்டில் இருக்கிறார்கள். நாம் அவர்களுக்கு நமக்குத் தெரிந்த வைத்தியம் செய்துகொண்டிருக்கிறோம். கையில் கயிறு கட்டுகிறோம். குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறோம்.

நான் அதைவிட மோசமான காரியம் செய்தேன். இதை இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பணம் அனுப்பி ஒரு பொடி வாங்கினேன். அதில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தில் ஒரு வரிகூட இல்லை. அண்ணிக்கும் சொல்லாமல் ரசத்தில் கலந்தேன். அன்று இரவு அண்ணன் குடித்துவிட்டு வந்து சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் முகம் ரத்தமாகச் சிவந்தது, வாந்தி, நெஞ்சு படபடப்பு. இரவு இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மா, குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்கிற மாத்திரை உண்டு. டைசல்ஃபிரம் என்று பெயர். அதை நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும். தெரியாமல் கொடுத்தால் உயிர் போகலாம்." தாய்மார்களே, அந்தப் பொடியை வாங்காதீர்கள். வைத்திருந்தால் இன்றே கொட்டிவிடுங்கள்.

இன்னொன்றும் அந்த டாக்டர்தான் சொன்னார். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவம் தெரியலாம், சித்தம் கலங்கலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முதல் படி மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சில நாள் மருந்து, ஓய்வு, வைட்டமின் ஊசி. உடம்பு தேறிவிடும்.

உடம்பு தேறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவும் மாலை கழற்றிய மறுநாள் மாதிரிதான்! வைத்தியம் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற அந்த நாளில்தான் கூட்டம் தேவைப்படுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? குறித்துக்கொள்ளுங்கள். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், இலவசம். 104 நம் மாநிலத்தின் சுகாதார உதவி எண். மனம் உடைந்து போயிருந்தால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். மருத்துவமனையில் சேர்த்திருந்தால் வீடு திரும்பும் அன்று மனநலப் பிரிவின் ஆலோசகரிடம் "எங்கள் பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது?" என்று ஒரே ஒரு வாக்கியம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நம் பக்கத்தில் பல கூட்டங்கள் தேவாலய வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோதான் நடக்கின்றன, வாடகை குறைவு என்பதற்காக. தேவாலய அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஏ.ஏ. அமைப்புக்கே தொடர்பு எண்கள் உண்டு. கூப்பிட்டால் பேசுகிறவர் அலுவலக ஊழியராக இருக்கமாட்டார், பெரும்பாலும் குடியை விட்ட ஒருவராகவே இருப்பார். கூப்பிட்டதும் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி? தமிழில் பேசுவார்களா? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தாரும் அக்கறை உள்ளவர்களும் போய் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். பக்கத்து ஊரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயமா? ஒரு பஸ் ஏறி அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். கூட்டமே இல்லாத கிராமமா? கொரோனா காலத்திலிருந்து செல்போன் வழியாகவும் கூடுகிறார்கள்.

விலாசம் கிடைத்துவிட்டது. இனி என்ன கஷ்டம்? ஐயா, கஷ்டமே இனிமேல்தான். அந்த வாசலுக்கும் எதிர்ச்சாரி டீக்கடைக்கும் நடுவில் இருக்கிற இருபது அடிதான் இந்த நோயில் மிக நீளமான தூரம். என் அண்ணன் அதைக் கடக்க நாலு வாரம் எடுத்துக்கொண்டார்.

முதல் வாரம் போனார். டீக்கடையில் நின்று இரண்டு சிகரெட் பிடித்தார். உள்ளே போகிறவர்களைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டார். இரண்டாவது வாரம் அதே. மூன்றாவது வாரம் அண்ணி கூடப் போனார், பஸ் ஸ்டாப்பிலேயே இருவருக்கும் சண்டை வந்து திரும்பிவிட்டார்கள். நாலாவது வாரம் டீக்கடையில் நிற்கிறார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, கூட்டத்துக்கா? நானும் அங்கதான் போறேன். நானும் இதே எடத்துல மூணு வாரம் நின்னவன்தான். வாங்க, டீ சாப்பிட்டுட்டுச் சேர்ந்தே போவோம்." அவ்வளவுதான். டீக்காசையும் அவரே கொடுத்தார்.

உள்ளே என்ன நடந்தது? அண்ணன் சொன்னதையும், பிற்பாடு நான் திறந்த கூட்டங்களில் பார்த்ததையும் சொல்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும். பதிவேடு கிடையாது, கட்டணம் கிடையாது. ஆதார் கேட்கமாட்டார்கள், என்ன சாதி என்று கேட்கமாட்டார்கள். ஒருவர் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார். தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். அவர் உட்கார்ந்ததும் இன்னொருவர். புதிதாக வந்தவர் பேச வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. என் அண்ணன் முதல் ஆறு கூட்டம் வாயே திறக்கவில்லை. ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் முடியும். இடையில் ஒரு பை சுற்றிவரும், விருப்பம் இருந்தால் பத்தோ இருபதோ போடலாம். வெளியாரிடம் அவர்கள் நன்கொடை வாங்குவதில்லை. வாடகையும் டீயும் அந்தப் பையிலிருந்துதான். சேர்வதற்குத் தகுதி ஒன்றே ஒன்று, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆசை இருந்தால் போதும். அங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயரிலேயே அனானிமஸ் என்று வைத்திருக்கிறார்கள்.

"டீச்சர், அங்கே கடவுள் பேச்சு உண்டாமே? நான் பெரியார் வழி வந்தவன்" என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஏ.ஏ. பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்று. எந்த மதத்தோடும் அந்த அமைப்புக்குச் சம்பந்தமில்லை. அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு பல வருடம் குடிக்காமல் இருக்கிற நாத்திகர்கள் உண்டு. கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார். அவர் வழி வந்தவருக்கு அந்த நாற்காலியில் உட்கார முழு உரிமை இருக்கிறது, தோழரே.

"பேசினால் நோய் தீருமா?" என்று கேட்பவர்களும் உண்டு. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் அனுபவத்தை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களோடு முறையாகச் சேர்த்துவிடப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 42 பேர் முழுக்கக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற ஆலோசனை முறைகளில் 35 பேர். எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கு ஏழு வீடு கூடுதலாக நிமிர்ந்தது. அந்த ஏழில் ஒன்று உங்கள் வீடாக இருந்தால்?

என் அண்ணன் எட்டு மாதம் குடிக்காமல் இருந்தார். பிறகு ஒரு நிச்சயதார்த்த வீட்டில் குடித்தார். மூன்று நாள் குடித்தார். அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பலருக்கு இப்படி நடக்கிறது, அன்றோடு எல்லாம் முடிந்தது என்று குடும்பமே கைகழுவிவிடுகிறது. முதல் தடவை போனதைவிட, தவறிவிட்டுத் திரும்பிப் போவது கஷ்டம். அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது? அந்தப் பெரியவருக்கு அண்ணிதான் போன் செய்தார். அவர் வந்து கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும் ஒருவர், "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. "திட்டியிருந்தால் நான் வெளியே ஓடியிருப்பேன்" என்று அண்ணன் இன்றும் சொல்கிறார். அந்தப் பெரியவர் கடைசிவரை அவருக்கு ஸ்பான்சராக இருந்தார். நள்ளிரவில் குடிக்கத் தோன்றினால் கூப்பிட ஒரு குரல், அவ்வளவுதான் ஸ்பான்சர் என்றால். இந்தக் கார்த்திகை வந்தால் அண்ணன் குடியை விட்டுப் பதினொரு வருடம். இன்றும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறார். டீக்கடையில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்.

குடும்பத்தாருக்கும் ஓர் அறை உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கிய அல்-அனான். அண்ணி அங்கே போக ஆரம்பித்த பிறகு பீரோவுக்குப் பின்னால் பாட்டில் தேடுவதை நிறுத்தினார், அண்ணன் எத்தனை மணிக்கு வருகிறார் என்று எண்ணுவதை நிறுத்தினார். "இருபது வருஷத்துல நான் என்னைப் பத்தி யோசிச்சதே அங்கதான்" என்பார். கணவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் அங்கே போகலாம். அவருடைய சம்மதம் தேவையில்லை.

குடிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை. ஆண்கள் நிறைந்த அறைக்குள் ஒரு பெண் எப்படி நுழைவாள்? போன் செய்யும்போதே, "பெண் உறுப்பினர் யாரிடமாவது பேச முடியுமா?" என்று கேளுங்கள், சகோதரிகளே. வெளியூரில் இருந்தாலும் தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள்.

நேரமாகிவிட்டது, நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நம் ஊருக்குப் பக்கத்தில் வாரத்தில் எந்தெந்தக் கிழமை, எங்கே, எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்பதை வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து உங்களில் பாதிப் பேருக்குப் பழக்கம்தான். செய்தித்தாள் படிக்கிற மேசைமேல் அதே விவரம் சின்னச் சின்னச் சீட்டாகவும் இருக்கிறது. எனக்கு வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சொல்லியாவது எடுத்துப் போங்கள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் வேப்பமரத்தடியில் இரண்டு பேர் நிற்பார்கள். எட்டரை மணி வரை நிற்பார்கள். அவர்கள் உங்கள் பெயரைக் கேட்கமாட்டார்கள். எதிர்க்கடையில் டீ சொல்லியிருக்கிறோம்.